பழைய நூலகத்துக்கு நான் காட்டிய வழி

வழி தெரியாதவர்களால் யாருக்கும் பெரிய ஆபத்து கிடையாது. நாலு பேரிடம் கேட்டு எப்படியோ போய்ச் சேர்ந்துவிடுவார்கள். எல்லா வழியும் தெரியும் என்று முன்னால் நடப்பவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அப்படி முன்னால் நடந்தவள் நான். என்னை நம்பிப் பின்னால் மூன்று பேர் வந்தார்கள்.

கள்ளக்குறிச்சியில் பி.ஏ. வரலாறு முடித்த கையோடு, சென்னையில் ஒரு பழைய பல்கலைக்கழகத்திலிருந்து எம்.ஏ. நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. அத்தாவுக்கு பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்புக்கடை. சரக்கு எடுக்க சென்னை போவார். போன வேகத்தில் திரும்பிவிடுவார். பல்கலைக்கழகம் எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியாது. எனக்கோ கவலையே இல்லை. அவர்களுடைய இணையதளத்தில் பழைய கட்டடங்களையெல்லாம் கணினியில் அப்படியே எழுப்பி வைத்திருந்தார்கள். போனில் விரலால் தள்ளினால் நடக்கலாம். கதவைத் தொட்டால் திறக்கும். மாடிப்படி ஏறலாம், ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கலாம். அத்தா சாப்பிடப் போகும் நேரமெல்லாம் கல்லாவில் உட்கார்ந்து நான் அங்கேதான் உலாவிக்கொண்டிருந்தேன். (ஒரு அம்மாவுக்கு இடது காலுக்கு ஏழும் வலது காலுக்கு எட்டுமாகப் போட்டுக் கொடுத்தது அப்போதுதான்.)

நானும் அத்தாவும் உளுந்தூர்பேட்டையில் பஸ் மாறும்போது வெண்ணிலாவையும் அவள் அம்மா அஞ்சலையையும் பார்த்தோம். வெள்ளிமலைக்காரர்கள். முதல் நாளே மலையிறங்கி, தெரிந்தவர் வீட்டில் தங்கி, அதே நேர்முகத் தேர்வுக்குப் புறப்பட்டிருந்தார்கள். சாமைக் காட்டில் கூலி வேலை செய்து மகளைப் படிக்க வைத்தவர் அஞ்சலை. இந்த இடம் கிடைக்காவிட்டால் வெண்ணிலா திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போவதாக ஏற்பாடு.

"அவ்ளோ பெரிய எடத்துல யார்கிட்ட போயி இன்னான்னு கேக்கறதுன்னே பயமா இருக்குதும்மா" என்றார் அஞ்சலை.

"என்கூட வாங்க. அங்க ஒவ்வொரு ரூமும் எனக்குத் தெரியும்" என்றேன். அத்தா என்னைப் பெருமையாகப் பார்த்தார்.

அழைப்பில் 'பழைய நூலகக் கட்டடம், முதல் மாடி' என்று இருந்தது. வாசலில் வாட்ச்மேன் இடது பக்கமாகக் கையை நீட்டி வழி சொல்ல வாயெடுத்தார். "தெரியும் சார்" என்று சொல்லிவிட்டு வலது பக்கம் திரும்பினேன். வழியில் ஒரு பலகை இடது பக்கம் அம்பு காட்டியது. அதெல்லாம் புதிதாக வருகிறவர்களுக்கு என்று அத்தாவுக்கு விளக்கினேன். கொடுமை என்னவென்றால், ஆரம்பத்தில் எல்லாமே சரியாக இருந்தது. போனில் பார்த்த அதே வளைவுகள், அதே சிவப்புத் தூண்கள். "பொறந்து வளந்த வூட்ல நடக்கற மாதிரி போறா பாருங்க" என்று அத்தா அஞ்சலையிடம் சொல்லிக்கொண்டே வந்தார்.

கோடியில் பெரிய கதவு. பூட்டு திறந்தபடி தொங்கியது. தள்ளினேன், திறந்தது. உள்ளே நான் எதிர்பார்த்த அதே சுழல்படி. ஏறினோம். தேக்கு அலமாரிகளும் தொங்கு விளக்குகளும் இருக்க வேண்டிய இடத்தில் உடைந்த பெஞ்சுகளும் பழைய மின்விசிறிகளும் குவிந்து கிடந்தன. புறாக்கள் எங்களைப் பார்த்து நகரக்கூட இல்லை. கீழே 'டொக்' என்று சத்தம். திறந்து கிடந்த பூட்டை யாரோ பொறுப்பாகப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

தட்டினோம், கூப்பிட்டோம். யாரும் வரவில்லை. ஜன்னல் வழியே பார்த்தால், எதிர்க் கட்டட வாசலில் ஒரு கூட்டம். நடுவில் ஒரு கிளார்க் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வெண்ணிலா சான்றிதழ் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. என் சீட்டு போனால் செருப்புக்கடை இருக்கிறது. அவளை நான் அல்லவா கூட்டி வந்தேன்?

கீழே என் பெயரைக் கூப்பிட்டார்கள். பதில் இல்லை. மறுபடியும், "சமீமா... சமீமா வரலையா?"

அத்தா ஜன்னலில் பாதி உடம்பை வெளியே விட்டு, பஸ் ஸ்டாண்டு வாடிக்கையாளரைக் கூப்பிடும் குரலில் கத்தினார்.

"சமீமா மேல போயிட்டா சார்!"

கிளார்க் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். ஒரு பெரியவர் எழுந்தே நின்றுவிட்டார். அத்தா அதைப் புரிந்துகொள்ளாமல், கூடுதல் விவரமும் கொடுத்தார்.

"வெண்ணிலாவும் கூடவே போயிட்டாங்க. நாங்களும் மேலதான் இருக்கறோம்."

சாவியோடு வந்து திறந்தவர் அந்த வாட்ச்மேன்தான். "தெரியும்னு சொன்னீங்களே" என்று மட்டும் கேட்டார். பிறகு குடிக்கத் தண்ணீர் கொடுத்தார், முறை தாண்டியிருந்தாலும் எங்களைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளும்படி கிளார்க்கிடம் பேசினார். அவர் பெயரைக் கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. இன்றைக்கும் அந்த வாசலைத் தாண்டும்போது மனதுக்குள் ஒரு வணக்கம் வைக்கிறேன்.

தலையில் ஒட்டடையோடு போய் உட்கார்ந்தேன். பாடத்தில் ஒரு கேள்வி கூட வரவில்லை. அங்கே எதற்குப் போனாய் என்றுதான் கேட்டார்கள். போனில் பார்த்ததையெல்லாம் சொன்னேன்: வடக்குக் கதவின் மேல் நீலக் கண்ணாடி, படி திரும்பும் இடத்தில் மாடக்குழி, அலமாரிகள் நின்ற வரிசை. நடுவில் இருந்த பேராசிரியை சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். கணினியில் அந்தக் கட்டடங்களை எழுப்பியவரே அவர்தானாம்.

"அது நூறு வருசத்துக்கு முந்தின நூலகம்மா. அப்புறம் நூலகம் இந்தக் கட்டடத்துக்கு மாறிடுச்சு, இப்ப பழைய நூலகம்னா இதுதான். முதல் பக்கத்துலயே போட்டிருக்கோமே."

"அதை ஸ்கிப் பண்ணிட்டேன் மேடம்."

எல்லாரும் வந்து இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுப் போகும் இடத்தில் இவ்வளவு நாள் குடியிருந்த முதல் ஆள் நீதான் என்றார். அடுத்து உள்ளே போன வெண்ணிலாவிடம் அந்தக் கட்டடம் எப்படி இருந்தது என்று கேட்டார்களாம். "தூசி ஜாஸ்திங்க. ஆனா அந்த ஜன்னல்ல நின்னா காத்து எங்க மலை மாதிரி வருதுங்க" என்றாளாம்.

வெளியே அஞ்சலையிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். விடவில்லை.

"நீ இல்லன்னா நாங்க அந்த வாசலத் தாண்டியே வந்திருக்க மாட்டோம், பாப்பா."

இருவருக்குமே இடம் கிடைத்தது. இரண்டு வருடம் விடுதியில் ஒரே அறையில் இருந்தோம். வெண்ணிலா இப்போது வரலாற்று ஆசிரியை. நான் அந்தப் பேராசிரியையிடமே கட்டடம் எழுப்பும் வேலையில் சேர்ந்துவிட்டேன். இணையதளத்தில் இப்போது 'இன்றைய வழி' என்று சிவப்பாக ஒரு பொத்தான் இருக்கிறது. அதை ஸ்கிப் பண்ண முடியாது.

ஊரில் எங்கள் கடையில் மட்டும் அந்தப் பொத்தானுக்கு மரியாதை இல்லை. யாராவது ஓர் இடத்துக்கு என்னிடம் வழி கேட்டால் போதும், அத்தா உள்ளேயிருந்து குரல் கொடுத்துவிடுவார்.

"எந்த வருசத்து வழின்னு கேட்டுக்கினு கெளம்புங்க."