ஈரச்சாக்குப் படை

டம், டம் என்று ஓயாமல் ஒலித்துக்கொண்டிருந்த அரச முரசு, ஒரு நாள் காலை திடீரென ஓர் அடி தப்பியது. அடுத்த இரண்டு அடிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. செம்புனல் நாடே நிமிர்ந்து பார்த்தது.

அந்த நாட்டில் முரசு அடிப்பவர் அரசரேதான். அவர் அடித்தால்தான் செந்நிற ஆறு ஓடும். ஆறு ஓடினால்தான் ஊர்கள் உண்ணும். ஆகவே அவர் உறங்கியதுமில்லை, வெளியே வந்ததுமில்லை. முரசு மண்டபத்தைச் சுற்றி உலைகள் எரிந்தன. அவை காற்றைத் தின்று பொறிகளைத் துப்பும். பொறி பட்ட இடம் துருப்பிடிக்கும். பொறிகளை அணைக்க ஈரச்சாக்குப் படை இருந்தது. அரசரோடு பேசவும் அவர்கள்தான் இருந்தார்கள். வேறு யாரும் அங்கே வருவதில்லை.

மண்டபத்துக்குள் எட்டிப் பார்க்க வழியில்லாததால் நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. முறை முடிந்த படையினர் ஆற்றில் மிதந்து படித்துறைக்கு வருவார்கள். படித்துறைக் காவலர் வேம்பன் அவர்களைக் கவனிப்பார். வரத்து குறைந்தால், உள்ளே தீ மிகுந்து அவர்களால் வேலையை விட்டு வர முடியவில்லை என்று பொருள்.

அடி தப்பிய அன்று வேம்பன் பேரமைச்சர் பெருஞ்சொல்லாரிடம் ஓடினார்.

“ஐயா, சாக்குக்காரர்கள் வரத்து குறைந்துவிட்டது. அரசருக்கு ஆபத்து!”

“எங்கே குறைந்தது?”

“துறையில், ஐயா.”

“அப்படியானால் குறை துறையில்தான் இருக்கிறது,” என்றார் பேரமைச்சர். ஆட்சியின் சாதனை விழா நெருங்கிக்கொண்டிருந்தது.

மண்டபத்துப் படையில் பாதிப் பேர் துறைக்கு வந்து நிற்க வேண்டும் என்று ஆணை பிறந்தது. துறை நிறைந்தது. மக்கள் கைதட்டினார்கள். மண்டபத்தில் பொறிகள் பெருகின.

இடக்கைச் சீமையிலிருந்து வலி என்று தூது வந்தது.

“வாயுத் தொல்லை. பூண்டு அனுப்புங்கள்,” என்றார் பேரமைச்சர். அப்படியே துறை இன்னும் கொஞ்சம் எடுப்பாக இருக்கட்டும் என்று மீதிப் படையையும் வரவழைத்தார். கரைகளில் கொழுப்பு படிந்து ஆறு குறுகுவதாக வந்த செய்திக்கு, பாலச் செலவு மிச்சம் என்று பாராட்டு விழாவே எடுத்தார்கள்.

மண்டபத்தில் தணியன் என்ற ஒருவன் மட்டும் ஒரு தூணுக்குப் பின்னால் ஒளிந்து மிஞ்சினான்.

“எல்லாரும் எங்கேடா?” அரசர் கை நிறுத்தாமல் கேட்டார்.

“துறையில் நிற்கிறார்கள், மன்னா. உங்கள் உடல்நலத்துக்காக.”

“நீ போகவில்லையா?”

“நானும் போய்விட்டால் நீங்கள் யாரைத் திட்டுவீர்கள்?”

அரசர் சிரித்தார். ஓர் அடி தப்பியது. “சிரிக்க வைக்காதே, பாவி. நாடு செத்துப்போகும்.”

தணியன் ஓடி ஓடிப் பொறிகளை அடித்தான். அவன் சாக்கு பாதி கருகியிருந்தது. முரசின் விளிம்பில் துரு ஏறிக்கொண்டிருந்தது.

விழா நாளன்று சேவகர்கள் வழக்கத்தை மீறி மண்டபத்துக்குள்ளேயே புகுந்து அவனைத் தேடிப் பிடித்தார்கள். துறை வரிசையில் ஓர் இடம் காலியாக இருக்கிறதாம்.

“இவனையாவது எனக்கு விட்டுவிடுங்கள்,” என்றார் அரசர்.

“மன்னிக்க வேண்டும், மன்னா. ஆணை தங்கள் பெயரில்தான் வந்திருக்கிறது.”

தணியன் கருகிய சாக்கை அரசரின் தோளில் போர்த்திவிட்டுப் போனான். கதவு மூடியது. அரசர் கொஞ்ச நேரம் அவனோடு பேசுவதுபோல் பேசிக்கொண்டே அடித்தார். பதில் வராததால் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

துறையில் பேரமைச்சர் சாதனைகளை முழங்கிக்கொண்டிருந்தபோது முரசொலி நின்றது. தமக்காகத்தான் அமைதி காக்கிறார்கள் என்று எண்ணி அவர் தலைவணங்கினார். ஆற்றில் படகுகள் அசையாமல் நின்றன.

“அரசர் தனியாக இருக்கிறார்! என்னை விடுங்கள்!” என்று தணியன் திமிறினான். நான்கு சேவகர்கள் அவனை வரிசையிலேயே அழுத்திப் பிடித்தார்கள்.

பேரமைச்சர் வேம்பனைத் திரும்பிப் பார்த்தார். வேம்பன் ஓடாத நீரைப் பார்த்தார். பிறகு வரிசையைப் பார்த்தார்.

“ஒருவரும் குறையவில்லை, ஐயா. அரசர் நலமாக இருக்கிறார்.”