டிரம்முக்குள் நடந்த சதி

பக்கத்து லேத்துப் பட்டறை முனுசாமி, ராத்திரியோடு ராத்திரியாக எங்கள் டிரம்களில் மைதா பசையைக் காய்ச்சி ஊற்றிவிட்டார் என்று நான் மனதார நம்பினேன். கொட்டகை நிறைய டிரம். அத்தனைக்கும் பசை காய்ச்ச அவர் என்ன கல்யாண சமையல்காரரா என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். (யோசிப்பது கோபம் வராதவர்கள் செய்கிற வேலை.)

திருமழிசையில் என் மைத்துனன் குமரனுக்கு ஒரு சின்ன ஆலை. ஹோட்டல்களில் பொரித்துப் பொரித்துக் கறுத்த எண்ணெயை வாங்கி டீசலாக மாற்றுகிறான். டீசல் மேலே தெளியும். அடியில் பாகு மாதிரி பழுப்பாக ஒரு கழிவு தங்கும். அதிலிருக்கும் கிளிசரினைச் சுத்தம் செய்தால் சோப்புக்கு ஆகும். இதைச் சொல்லிச் சொல்லிச் செருப்புத் தேய அலைந்து, ஆவடியில் சோப்புக் கம்பெனி நடத்தும் ஒரு அம்மாவைச் சம்மதிக்க வைத்திருந்தான். முதல் லோடு பிடித்துவிட்டால் தொடர்ந்து எடுப்பார். இல்லையென்றால் இனி டிரம் வைக்க இடமில்லை. ஆலையை நிறுத்த வேண்டியதுதான்.

அந்த நேரம் பார்த்து அவனுக்குச் சபரிமலைப் பயணம்.

"மாமா, காலைல லாரி வரும். மூடியத் தொறந்து காட்டி ஏத்தி விட்டுருங்க. வேற ஒண்ணும் செய்யாதீங்க."

வேற ஒண்ணும் செய்யாதீங்களாம்! அம்பத்தூரில் ஒரு கம்பெனி ஸ்டோர்ஸையே கட்டி மேய்த்தவனிடம் பேசுகிற பேச்சா இது?

மார்கழிக் காலை. மூடியைத் திறந்தேன். பாகைக் காணோம். கறுத்த அல்வா! கழியை விட்டால் கழி நட்டுக்கொண்டு நிற்கிறது. அடுத்த டிரம், அதற்கடுத்தது, எல்லாமே அல்வா. எங்கள் எண்ணெயின் பஜ்ஜி வாடையைச் சொல்லித் தினம் சண்டைக்கு வருகிற ஆள் ஒருவர்தான். பட்டறைக்குள் பாய்ந்தேன்.

"யோவ், டிரம்ல என்னய்யா கலந்த?"

"இன்னா சார், காலங்காத்தால? உன் டிரம்மாண்ட வந்தாலே கொமட்டுது. இதுல நான் குந்திகினு கலக்கினனா?"

"அப்புறம் எப்படிய்யா கெட்டியாச்சு?"

"என்னிய கேட்டா? நீதான மொதலாளி மாரி நின்னுகினு கீற!"

கேமராவில் எல்லாம் பதிவாகியிருக்கிறது என்றேன். (கேமராவே கிடையாது.) குமரனுக்குப் போன் போட்டேன், மலையில் டவர் இல்லை. மைத்துனன் மானத்தை நான்தானே காப்பாற்ற வேண்டும்? சோப்பு அம்மாவையே கூப்பிட்டேன்.

"மேடம், லாரியத் திருப்பிருங்க. சரக்கு கெட்டுப்போச்சு."

"ஐயோ, என்ன சார் ஆச்சு?"

"போன்ல சொல்ல முடியாது மேடம். விசாரணை நடக்குது."

அடுத்து, தடயத்தைப் பத்திரப்படுத்த வேண்டுமே! ஆட்களை விட்டு டிரம்களையெல்லாம் என் கண்ணெதிரே, வெட்டவெளியில் வரிசையாக நிறுத்தினேன். பிறகு மனைவிக்குப் போன்.

"குளிருக்கு உறைஞ்சிருக்கும்ங்க. நம்ம வீட்டுத் தேங்காயெண்ணெய்கூடத்தான் காலைல கட்டியா கெடந்துது. அதுக்கு யார் மேல கேஸ் போடப்போறீங்க?"

"அதுவும் இதுவும் ஒண்ணா? உனக்கு என்ன தெரியும்!" என்று வைத்துவிட்டேன்.

உச்சி வெயிலில் நான் நிழலுக்கு ஒதுங்கியிருந்தபோது பட்டறை வாசலிலிருந்து குரல் வந்தது. "அண்ணாத்தே! உன் அல்வா தண்ணியாயி கீது, வந்து பாரு!"

ஓடினேன். அச்சு அசல் பாகு. உடனே ஆவடிக்குப் போன் போட்டேன். லாரி சும்மா திரும்பவில்லையாம். பூந்தமல்லிப் பக்கம் வேறொரு ஆலையில் ஏற்றிக்கொண்டு, அவர்களிடமே தொடர்ந்து எடுப்பதாகப் பேசியும் முடித்துவிட்டார்களாம்.

நான் கேட்கிறேன், குளிரில் உறையும் என்று டிரம்மில் ஒரு வரி எழுதி வைத்தால் என்ன குறைந்துவிடும்? இதைக் குமரனிடமும் கேட்டேன். பொங்கல் முடிந்து, கழிவை எடுக்க வேறொருவர் கிடைக்கும்வரை ஆலை மூடிக் கிடந்தது. இப்போதெல்லாம் மலைக்குப் போகும்போது சாவியை முனுசாமியிடம் கொடுத்துவிட்டுப் போகிறான். குடும்பமே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறது.

எவரும் எதையும் கலக்கவில்லை. ராத்திரி குளிர்ந்தது, உறைந்தது. வெயில் வந்தது, உருகியது. லாரியைத் திருப்பி அனுப்பியது நான்.