ஒன்பது துண்டு முள்ளம்பன்றி

ஒரு காட்டில், தேர்தல் வந்தால் மட்டும் குட்டையில் தண்ணீர் விடுகிற அப்படிப்பட்ட ஒரு காட்டில், சங்கிலியாண்டி என்றொரு முள்ளம்பன்றி இருந்தது. அதற்கு வாழ்க்கையில் ஒரே ஆசைதான். ஒரு தடவையாவது காட்டுச் சபைக்கு உறுப்பினராகப் போய்விட வேண்டும்.

பதினைந்து வருஷம் கரடிக் கட்சிக்குக் கோஷம் போட்டுத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். சீட்டு கிடைக்கவில்லை. காரணம் அதன் முதுகு. போன தேர்தலில் போட்டோவுக்காக ஒரு முயலம்மாவைக் கட்டிப்பிடித்தது. முயலம்மாவுக்கு ஏழு தையல்.

"ஓட்டுப் போடறவங்களைக் கட்டிப்பிடிக்க முடியாத உனக்கு எப்படிய்யா சீட்டு தர்றது?" என்று கேட்டது தலைவர் கரடி.

சங்கிலியாண்டி அழுதே விட்டது. மறுநாள் காலையில் நரிக் கட்சி மேடையில் ஏறிவிட்டது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. கட்சி மாறி வருகிறவரின் பழைய துண்டை மேடையிலேயே கழற்றி எறிந்துவிட்டு, தலைவரே புதுத் துண்டைப் போர்த்த வேண்டும். நரி, சங்கிலியாண்டியின் முதுகில் கிடந்த கரடிக் கட்சி ஊதாத் துண்டைப் பிடித்து இழுத்தது. வரவில்லை. அத்தனை முள்ளிலும் மாட்டிக்கொண்டிருந்தது. பொருளாளர், மைக் செட்காரர் எல்லாரும் சேர்ந்து இழுத்தும் அசையவில்லை. "ஐயோ, உயிர் போகுதே!" என்று சங்கிலியாண்டி அலறியதை எழுச்சியுரை என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது.

"சரி விடு, மேலேயே போட்டுத் தொலைப்போம்" என்று நரி தன் ரோஸ் துண்டைப் போர்த்தியது. சீட்டை மருமகனுக்குக் கொடுத்தது.

அப்புறம் எருமைக் கட்சி, கிளிப்பச்சைத் துண்டு. அங்கேயும் சீட்டு இல்லை. "தாய்வீடு திரும்பிவிட்டேன்" என்று மறுபடி கரடி. மறுபடி நரி. இப்படியே அலைந்ததில், மனுத்தாக்கல் முடிவதற்குள் முதுகில் ஒன்பது துண்டு சேர்ந்துவிட்டது.

"ஏங்க, துணிக்கடை மூட்டை மாதிரி இருக்கீங்க" என்று பெண்டாட்டி வேலாயி தலையில் அடித்துக்கொண்டது.

வேறு வழியில்லாமல் சங்கிலியாண்டி சுயேச்சையாகவே மனுப் போட்டது. படிவத்தில் 'கட்சி' என்று கேட்ட இடத்தில் 'முதுகைப் பார்க்கவும்' என்று எழுதியது. தேர்தல் அதிகாரி ஆமை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, இடம் போதாமல் தனித்தாள் இணைத்தது.

பிரச்சாரத்தின் முதல் நாளே அந்த முயலம்மா எதிரில் வந்தது. சங்கிலியாண்டி பயந்துபோய் ஒதுங்கியது. முயலம்மா கால் இடறி அதன் முதுகிலேயே விழுந்தது. கூட்டமே கண்ணை மூடிக்கொண்டது.

"அடி ஆத்தீ! என்னமா மெத்துமெத்துன்னு இருக்கு!" என்றது முயலம்மா, எழுந்திருக்க மனமே இல்லாமல். "ஒரே கட்சியில இருந்தப்ப என்னா குத்துக் குத்துச்சு இந்த ஆளு!"

அவ்வளவுதான். கட்டிப்பிடிக்க வரிசை நின்றது. டோக்கன் கொடுத்தும் கட்டுப்படுத்த முடியவில்லை. சங்கிலியாண்டி அமோகமாக ஜெயித்தது. "அது நம்ம ஆளு" என்று மூன்று கட்சி ஆபீஸிலும் பட்டாசு வெடித்தார்கள்.

பதவியேற்பு நாளன்று வேலாயி கத்தரிக்கோலோடு வந்தது. "அதான் ஜெயிச்சாச்சே. இனியாவது கழட்டுங்க, நாத்தம் தாங்கல."

"அடிப்பாவி! கழட்டினா உள்ள இருக்கிறது நான்னு தெரிஞ்சு போயிடுமே!" என்று பதறிய சங்கிலியாண்டி, பத்தாவது துண்டு தேடி ஓட்டம் பிடித்தது.

நீதி: ஒரே கட்சியில் இருப்பவன் குத்துவான். ஒன்பது துண்டு போர்த்தியவன்தான் மெத்தை, நம்பிச் சாயலாம்.