வாய் தைத்த பை

செல்போன் சாமியாரைப் பார்க்க வந்த வரிசை காலையிலேயே தெருமுனையைத் தாண்டியிருந்தது. கேக் சுடுகிறவர், மெழுகுவத்தி வார்க்கிறவர், அழகு நிலையக்காரர் என்று அத்தனை பேரும் சொந்தத் தொழில் செய்யும் பெண்கள். இணையக் கடையில் வியாபாரம் படுத்துவிட்டதாம். காரணம், கண் திருஷ்டியாம். அதுவும் சிக்னல் வழியாக வருகிறதாம். உலகமே முன்னேறும்போது திருஷ்டி மட்டும் பின்தங்குமா என்ன?

பை தைக்கும் தங்கைக்காரி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் கடையின் கூட்டாளியான அக்கா. போன வாரம் சாமியார் போனைத் தடவியதும் ஆர்டர் கொட்டியது; எல்லாம் பை கைக்கு வந்தபின் பணம் தருகிற ஆர்டர். ராப்பகலாகத் தைத்து அனுப்பினார்கள். அத்தனையும் 'வாங்க மறுப்பு' என்று திரும்பி வந்தன. அதற்கும் பரிகாரம் உண்டாம். கடையின் பாஸ்வேர்டைச் சாமியார் காலடியில் வைக்க வேண்டுமாம்.

"பாஸ்வேர்டைக் குடுத்தா கடையையே குடுத்த மாதிரிக்கா!"

"சும்மா இருடி. அவர் கை பட்டதும் ஆர்டர் வந்துச்சா இல்லையா?"

"சரி, இன்னொரு தடவை தடவட்டும். ஆர்டர் வந்தா நானே எழுதித் தர்றேன்."

வரிசையில் நின்றபடியே போனில் மற்ற பைகளை மறைத்துவிட்டு, ஒரே ஒரு புதுப் பையை இணையக் கடையில் ஏற்றினாள்.

"கடைப் பேர் என்னம்மா?" என்று சாமியார் உரக்கக் கேட்டார். பெயரைச் சொன்னாள். போனைத் தடவிக் கண்ணை மூடினார். டிங்! டிங்! டிங்! கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அக்காவுக்குக் கண் கலங்கியே விட்டது.

"என்ன வித்துச்சுன்னு படிக்கிறேன், கேளுங்க" என்றாள் தங்கை. "நாலு பக்கமும் தைத்த பை. திறக்க முடியாது. எதையும் வைக்க முடியாது."

"அதை எவன்மா வாங்குவான்?" என்று கேக்காரம்மா சிரித்தார்.

"அவரையே கேட்டுருவோம்."

ஆர்டரில் இருந்த எண்ணை அழைத்தாள். சாமியாருக்குப் பின்னால் தொங்கிய திரைக்குள் மணி அடித்தது.

"அது... மாயை" என்றார் சாமியார்.

"மாயையை எடுத்துப் பேசச் சொல்லுங்க சாமி!"

அக்கா திரையை இழுத்தாள். உள்ளே இரண்டு சீடர்கள், மடி நிறைய போன்கள். பாவம், வேலை மும்முரத்தில் எதற்கு ஆர்டர் போடுகிறோம் என்று படிக்கவில்லை. சாமியார் எழுந்த வேகத்தில் செருப்பைக்கூட மறந்துவிட்டார்.

வீட்டு வாசலில் அக்கா கேட்டாள்: "ஏன்டி, பையையெல்லாம் நாம இருட்டு ரூம்ல வச்சுத்தானே படம் எடுத்தோம்? வெளிச்சத்துல எடுத்துப் பாப்போமா?"

வாய் தைத்த அந்தப் பை இன்னும் அவர்கள் கடையில் தொங்குகிறது. ஒன்றும் உள்ளே போகாது. அடுத்த சாமியாரிடம் போனை நீட்டுமுன், உங்கள் தலையையும் யாராவது அப்படித் தைத்துவிட்டார்களா என்று ஒரு தடவை தடவிப் பாருங்கள், தாய்மார்களே!