மிஸ்டர் முனியாண்டிக்குக் கடைசி எச்சரிக்கை

நான் ஒரு காலத்தில் பெரிய அறிவாளியாக இருந்தேன். அது ஏறக்குறைய ஏழு மாதம் நீடித்தது. எண்பதுகளின் நடுவில், மலேசியாவின் ஈப்போவில் ஒரு சங்கத்தின் நூலகத்தில் தற்காலிக எழுத்தராக இருந்தபோது பிடித்த நோய் அது. நூலகத்துக்கு ஒரு கணினி வந்தது. அதைத் தொடத் துணிந்தவன் நான் ஒருவன்தான். (மற்றவர்கள் அதற்குத் துணி போர்த்திக் கும்பிடாத குறை. அவர்களே புத்திசாலிகள்.)

நூலகத் தலைவி மிஸ் ஞானம் தெளிவாகச் சொல்லிவிட்டார். "புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்காதவங்களுக்கு அந்த மிஷினே கடிதம் அடிக்கணும் செல்வம். அடிச்சிருச்சுன்னா உன்னை நிரந்தரமாக்கச் சொல்லி கமிட்டியில நானே பேசுறேன்." வேலை நிரந்தரமானால், ரப்பர் தோட்டத்தில் பாலுக்கு மரம் வெட்டும் அப்பா நிம்மதியாகத் தூங்குவார். எனக்கும் அதுதான் வேண்டும். கூடவே ஊர் மெச்சவும் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்கு ஒரு கூட்டம் உண்டு. நூலகங்களுக்குப் புரோகிராம் எழுதுகிறவர்கள் எங்களுக்குத் தெரிந்து என்னோடு சேர்த்து மூன்று பேர். ஒவ்வொருவனும் மற்ற இரண்டு பேரை முட்டாள் என்று நம்பினான். தைப்பிங்கிலிருந்து ஓர் ஆசிரியர் மழையில் ஊறிய காகிதங்களோடு வருவார். அவருடைய புரோகிராம் அகராதியைக் கதைப் புத்தகங்களோடு சேர்த்து வைக்கும். இன்னொருவன் காதர், அவன் அப்பாவின் சாப்பாட்டுக் கடையில்தான் கூட்டமே நடக்கும். ஒருவன் எழுதியதை மற்றவன் கிழிப்பதற்கென்றே மாதம் ஒரு தாளை சைக்ளோஸ்டைலில் அடித்து எங்களுக்குள் அனுப்பிக்கொள்வோம்.

என் புரோகிராமை இங்கிலாந்துப் பத்திரிகை ஒன்றிலிருந்து வரி வரியாகப் பார்த்துத் தட்டியிருந்தேன். (நானே எழுதினேன் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன்.) ஒருவர் பெயரின் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, முன்னால் ஒரு 'மிஸ்டர்' போட்டு, அது கடிதம் அச்சடிக்கும்.

காதர் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "மச்சான், இது வெள்ளைக்காரனுக்குச் சரி. நம்மாளுங்க பேருல கடைசியில நிக்கிறது அப்பா பேருலா. கடிதாசி எல்லாம் அப்பாமாருக்குப் போயிரும்."

"நீ கடையில தே தாரேக் டீ ஆத்துற வேலையைப் பாரு," என்றேன்.

அத்தோடு விட்டிருக்கலாம். அடுத்த மாதத் தாளில் அரைப் பக்கம் எழுதினேன். உலகத் தரம் என்று ஒன்று இருக்கிறதாம். கடைக் கல்லாவுக்குப் பின்னால் நின்று பார்த்தால் அது கண்ணுக்குத் தெரியாதாம். தைப்பிங் ஆசிரியர் எனக்குக் கை கொடுத்தார். (பின்னாளில் இதே மனிதர், "நான் அன்னிக்கே சொன்னேன்லா" என்றார்.)

கடிதங்கள் சரசரவென்று அச்சாகி வந்தன. ஒன்றைக்கூடப் படித்துப் பார்க்காமல் மொத்தமாகத் தபாலில் போட்டேன்.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை காலை, நூலகம் திறக்கும் முன்பே வாசலில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். எல்லோரும் வயதானவர்கள். வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை. வேலைநாளில் தோட்டத்து ஆட்கள் இப்படி உடுத்தினால் ஒன்று கல்யாணம், இல்லையென்றால் போலீஸ். ஒவ்வொருவர் கையிலும் என் கடிதம்.

தோட்டத்தில் தபால் வீடு தேடி வராது. காலைப் பெரட்டில் எல்லோரும் வேலைக்கு வரிசையாக நிற்கும்போது, தோட்டத்து எழுத்தரான கிராணி பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார். மகன் எடுத்த புத்தகத்துக்கு அப்பனை ஊரே பார்க்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆங்கிலக் கடிதம், அதில் 'கடைசி எச்சரிக்கை, அடையாள அட்டையுடன் நேரில் வரவும்.' (அந்த வரி மட்டும் பத்திரிகையில் இல்லை. அது என் சொந்தச் சரக்கு.) அவர்களில் பாதிப் பேருக்குக் குடியுரிமை கிடையாது, சிவப்பு ஐசி என்கிற அடையாள அட்டைதான். அதை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"நாப்பது வருசமா இங்கதான் இருக்கேன் ஐயா," என்றார் ஒரு பெரியவர். "ஊருக்கு அனுப்பிருவாங்களா?"

இருபத்து மூன்று வயதுப் பயலை அவர் ஐயா என்றார். அவ்வளவு வெட்கத்தை நான் அதற்கு முன் பட்டதில்லை.

"எங்க வூட்டுக்காரரு செத்து மூனு வருசமாச்சு தம்பி," என்றார் அடுத்து நின்ற அம்மா. "உசுரோட இருந்தப்பவே பேப்பர் தொட்டதில்ல."

மிஸ் ஞானம் ஒவ்வொருவரையும் உட்கார வைத்து, விஷயத்தைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டார். கடைசியாக நின்றவரின் கடிதத்தை வாங்கிப் படித்தார். "மிஸ்டர் முனியாண்டி. கணினிக் கையேடு. ஆறு மாசம்."

"எனக்கு இங்கிலீஸு தெரியாது மிஸ்," என்றார் என் அப்பா. "எங்க வூட்ல இங்கிலீஸு படிக்கிறவன் ஒருத்தன்தான். அந்தா நிக்கிறான்."

அந்தப் புத்தகம் கணினிக்குப் பக்கத்திலேயே இருந்தது. எல்லா அப்பாக்களும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

மிஸ் ஞானம் கடைக்குப் போன் போட்டார். காதர் கட்டிய கைலியோடு வந்து, ஒரு மணி நேரத்தில் எல்லாப் பெயரையும் சரிசெய்தான். ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. நிரந்தர வேலையும் அவனுக்கே போனது.

காதர் வருவதற்குள் மற்றவர்கள் போய்விட்டார்கள், அப்பா மட்டும் கிளம்பவில்லை. "வந்தது வந்தாச்சு, எனக்கும் ஒரு அட்டை போடுங்க மிஸ்," என்றார். காதர் சரிசெய்யும் முன்பே நான் அவசரமாகப் பதிந்ததில், முனியாண்டி த/பெ கருப்பன், மிஸ்டர் கருப்பன் ஆகிவிட்டார். கருப்பன் என் தாத்தா. நான் பிறக்கும் முன்பே போய்ச் சேர்ந்தவர். காதர் அதைத் திருத்தப் போனான்.

"அது அப்படியே இருக்கட்டும் தம்பி," என்றார் அப்பா. "மிஷினு சரியாத்தான் சொல்லுது. தப்பு எவன் செஞ்சாலும் கடிதாசி அப்பனுக்குத்தானே போகுது."

அன்று படம் போட்ட மீன் புத்தகம் ஒன்றை எடுத்துப் போனவர், கடைசிவரை திருப்பிக் கொடுக்கவே இல்லை. மிஸ்டர் கருப்பனுக்குப் பல எச்சரிக்கைகள் வந்தன. இப்போதும் எங்கள் வீட்டில் கண்ணாடித் தம்ளர் உடைந்தால், "கருப்பனுக்குக் கடிதம் போடு" என்பார்கள்.

போன வாரம் என் மகன் திருப்பித் தராத ஒரு புத்தகத்துக்காக என் பெயருக்குக் கடிதம் வந்தது. படித்துவிட்டு அவன் பக்கம் தள்ளினேன். அவன் அதைத் திரும்ப என் பக்கமே தள்ளினான்.

"மிஷினு சரியாத்தான் சொல்லுதுப்பா."