தாய்மாமனுக்கு அனுமதி இல்லை

கோயம்புத்தூர்
22.8.1994

ஆனைமலையில் கட்சியும் தென்னந்தோப்புமாகச் சிறப்புடன் வாழும் மச்சான் அவர்களுக்கு, மைத்துனன் நாச்சிமுத்து வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் ராமாத்தாளும் அரசு ஊழியர் நடத்தை விதிகளுக்கு உட்பட்டு நலம். அங்கே ராசாத்தாள் அக்காவும் கல்யாணப் பெண் கோமதியும் நலந்தானே?

நீங்கள் அனுப்பிய பத்திரிகை கிடைத்தது. ஓரமெல்லாம் கட்சிக்கொடி நிறம், உச்சியில் தலைமை தாங்கும் மந்திரியின் படம், வாழ்த்துரை வழங்க ஒரு பட்டாளம். மாப்பிள்ளை பெயரைத் தேடிக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அது போதாதென்று, 'வரவேற்பு: தாய்மாமன் நாச்சிமுத்து, அரசு ஊழியர்' என்று கொட்டை எழுத்தில் போட்டு, என் ஆபீசுக்கும் ஒன்றைத் தபாலில் அனுப்பிய உங்கள் பாசத்தை என்னவென்று சொல்வது! மேலதிகாரி தேவானந்தம் கூப்பிட்டார். "ஏனுங்க நாச்சிமுத்து, இது கல்யாணப் பத்திரிகைங்களா, மாநாட்டு நோட்டீசுங்களா?" என்றார். கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை, லீவு நாள்தானே என்றேன். "ஆபீசத்தானுங்க பூட்டறோம், விதியப் பூட்டறதில்லீங்க" என்றார். அரசு ஊழியன் தூங்கும்போதும் அரசு ஊழியன்தானாம். அவன் குறட்டைகூட எந்தக் கட்சிக்கும் சாதகமாக இருக்கக் கூடாதாம். மந்திரி பேசும்போது கைதட்டினால் அரசியலில் பங்கெடுத்த குற்றம், கொட்டாவி விட்டால் அரசை விமர்சித்த குற்றம். "அப்ப கையக் கட்டிட்டு நின்னுக்கறனுங்க" என்றேன். "வீடியோக்காரன் அதையும் புடிச்சுப்போடுவானுங்க. மந்திரி முன்னால கை கட்டி நின்னீங்கன்னு எவனாச்சும் மொட்டைப் பெட்டிசன் போடுவான்" என்றார். போனால் மெமோ, மெமோ வந்தால், தலை நரைக்கும்வரை காத்திருந்த பதவி உயர்வு அம்போ.

வீட்டில் சொன்னதும் ராமாத்தாள் சாமியாடிவிட்டாள். "தாய்மாமன் இல்லாம அந்தப் புள்ளைக்கு ஆருங்க மாலை போடுவாங்க? உங்க கலெக்டர் வந்து போடுவாருங்களா?" எனக்கு மட்டும் ஆசையில்லையா மச்சான், என் தோளிலேயே வளர்ந்த பிள்ளை. ஆனாலும் நான் வர இயலாது. மாலையையும் பட்டுச்சேலையையும் பொள்ளாச்சி பஸ்ஸில் அனுப்புகிறேன். அவற்றுக்கு நடத்தை விதிகள் கிடையாது. அக்காவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

மாசாணியம்மன் அருளால் மணமக்கள் எவர் அனுமதியும் கேட்காமல் பல்லாண்டு வாழட்டும்.

அன்புள்ள மைத்துனன்,
நாச்சிமுத்து

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் மேலதிகாரி மறுபடி கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, "மந்திரி எத்தனை மணிக்குங்க வாராரு? என்ர டிரான்ஸ்பர் விசயமா அவர் காதுல ஒரு வார்த்தை போடோணும்" என்றார். வழிகாட்ட நானும் அவரோடு ஜீப்பில் வர வேண்டுமென்று உத்தரவு. ஆகவே மச்சான், ஞாயிற்றுக்கிழமை கோமதிக்கு மாலை போட நான் அலுவல் நிமித்தமாக வருகிறேன்.