பதினான்கு மணி நேர தூரம்

காலை ஐந்தரைக்கு விமான டிக்கெட் குமாஸ்தாவை அக்கா போனில் அழைத்தாள்.

"நான் வெளிநாட்டுல மகளோடயே போய் இருந்துடப் போறேன்டா. இன்னிக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு ஃப்ளைட். மூணு மணிக்கு உள்ள போயிடணும். அதுக்குள்ள ஒரு தடவை உன் முகத்தைப் பாத்துக்கறேன்."

இரண்டு ஊர்களுக்கும் நடுவே அறுநூறு கிலோமீட்டர். விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம். தினமும் கவுண்டரில் நாற்பது பேருக்கு இதைச் சொல்பவர்தான் அவர். அக்காவுக்கு மட்டும், போய் வரச் சோம்பல்பட்டு, ஏழு வருடங்களுக்கு முன்னால் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருந்தார்: இரண்டு விமானம் மாற வேண்டும், பதினான்கு மணி நேரம் ஆகும். டிக்கெட் விற்கிறவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அக்காவும் அப்புறம் வற்புறுத்தவில்லை.

பதினான்கு மணி நேரம் என்றால் இரவு ஏழரை. அக்கா பறந்திருப்பாள்.

"இப்ப புதுசா ஒரு வழி விட்டிருக்கான்க்கா. எட்டு மணி நேரத்துல வந்துடலாம். ஒன்றரைக்கு உங்க ஊர் ஏர்போர்ட்டுல உன் முன்னாடி நிப்பேன்" என்றார்.

ஏழேகால் விமானத்தைப் பிடித்து எட்டரைக்கே அக்கா ஊரில் இறங்கிவிட்டார். இனி ஐந்து மணி நேரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? வெளியே போனால் தெரிந்தவர்கள் யார் கண்ணிலாவது பட்டு மானம் போகும். பெட்டிகள் வந்து சுற்றும் கூடத்திலேயே, ஒரு தூணுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். அங்கிருந்து கண்ணாடிக் கதவைத் தாண்டினால் வெளியே வந்த மாதிரி.

ஒன்பது மணிக்கு அக்காவே கூப்பிட்டாள். அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி, ஊர்ப் பெயரைச் சொல்லி எல்லோரையும் வரவேற்றது. அவர் போனைப் பொத்திக்கொண்டு, நடுவில் வேறு ஊரில் விமானம் மாறுகிறேன் என்று உளறினார்.

அக்கா, "சாப்பிட்டியா? அவசரப்படாம வாடா. நான் இருக்கேன்" என்றாள்.

மறுபடி ஒலிபெருக்கி காட்டிக்கொடுத்துவிடுமே என்று போனையே அணைத்துவிட்டார். அணைத்ததும் நிம்மதி வந்தது. நிம்மதியோடு தூக்கமும் வந்தது, விடியலுக்கு முன்பே எழுந்தவர் அல்லவா.

கூடம் பெருக்கும் அம்மாள் துடைப்பத்தால் நாற்காலியைத் தட்டியபோது மணி நாலு இருபது.

பெட்டியை மறந்து, கண்ணாடிக் கதவைத் தாண்டி ஓடினார். இனி பொய் எதற்கு, அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதிருக்கலாம். அந்த அழுகைக்குக்கூட இப்போது நேரமில்லை. ஏழு வருடங்களில் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் வந்து போயிருக்கலாம் என்று கணக்கு ஓடியது. அந்தக் கணக்கில் அவர் கெட்டிக்காரர்.

கதவுக்கு வெளியே ஒரு பெரியவர், 'தம்பி' என்று மட்டும் எழுதிய அட்டையோடு நின்றிருந்தார். கையில் ஒரு சாப்பாட்டு டப்பா. அக்காவின் மாடி வீட்டுக்காரராம், அவளைக் காரில் கொண்டுவந்து விட்டவராம்.

"அக்கா எங்கே?"

"மூணு மணிக்கு உள்ள போயிட்டாங்க. காலையில எட்டரையிலேர்ந்து இந்தக் கதவுகிட்டயேதான் நின்னாங்க. 'ஒன்றேகால் மணி நேரத்துல வந்திருப்பான், சொன்ன பொய்யைக் காப்பாத்த உள்ளேயே உக்காந்திருப்பான். கூப்பிட்டா கூச்சப்படுவான், அவனா வரட்டும்'னாங்க."